கைப்பிடியில் நாலு சென்டிமீட்டர்

மான்சிக் முப்பத்தொரு வருடமாக நாற்காலி வரைகிறார். வரைந்தபடியே கடைக்கு வந்தது ஒன்றுகூட இல்லை. ஓக் மரம் என்று எழுதினால் ரப்பர் மரமாகும், மூட்டுக்கு மரமுளை என்று எழுதினால் திருகாணியாகும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான் ஒவ்வொரு முறையும். முதலில் சண்டை போட்டார், பிறகு முனகினார், பிறகு தலையாட்டப் பழகிக்கொண்டார். அறுபத்திரண்டு வயதில் தலையாட்டுவதும் அலுத்துவிட்டது.

இந்த ஒன்றை மட்டும் விடக்கூடாது என்று நினைத்திருந்தார். முதியோர் இல்லங்களுக்கான நாற்காலி. சுவோன் நகரில் ஓர் இல்லத்தில் ஒன்பது நாள் சுவரோரம் நின்று, வயதானவர்கள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தார். உட்காருவது யாருக்கும் வரும். எழும்போதுதான் கை முன்னால் போய்ப் பிடி தேடுகிறது. அதனால் கைப்பிடியை இருக்கையின் விளிம்பைத் தாண்டி நாலு சென்டிமீட்டர் நீட்டி வரைந்தார்.

போச்சோன் ஊரில் உள்ள தொழிற்சாலையின் மாடியில் மாதிரி நாற்காலி காத்திருந்தது. அந்த நாலு சென்டிமீட்டர் அதில் இல்லை. அன்றுதான் அவர் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டிய நாள்.

"வெட்டினாத்தான் ஒரு பெட்டிக்கு ரெண்டு நாற்காலி போகும் ஐயா," என்றான் சுங்வோன். முதலாளியின் மகன், போன வருடம்தான் டைரக்டர் ஆனவன். "நாலு சென்டிமீட்டர்ல என்ன குடி முழுகிப் போகுது?"

"பெட்டிக்கு எந்திரிக்கிற வேலை இல்ல தம்பி."

"உக்காந்துதான் பாருங்களேன்."

உட்கார்ந்தார். சுகமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"சாப்பிட்டு வந்து பேசலாமே," என்றாள் ஹேரிம், உற்பத்தியைப் பார்த்துக்கொள்பவள். அன்று போக் நாள், கோடையின் உச்ச வெயில் நாள். ஊரே ஜின்செங் வேர் போட்ட கோழி சூப்புக்கு வரிசையில் நிற்கும். சொல்லிவைத்த மேசையைக் கடைக்காரம்மா பன்னிரண்டரைக்கு மேல் வைத்திருக்க மாட்டார். அறையிலிருந்த எல்லோரும் எழுந்தார்கள்.

மான்சிக்கும் எழப் பார்த்தார். ஊன்றிய கைகள் தொடைப் பக்கமே நின்றுவிட்டன. முன்னால் பிடிக்க ஒன்றுமில்லை. வலது முழங்கால் மறுத்தது. ஒரு சாண் எழும்பி, மறுபடி விழுந்தார்.

சுங்வோன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "கை குடுங்க ஐயா."

பிடித்துக்கொள்வது எளிது. இத்தனை வருடமும் அப்படித்தான் நீட்டியதையெல்லாம் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளையும் மடியில் வைத்தார்.

"வேணாம். நானா எந்திரிச்சு வரேன். நீங்க போங்க."

யார் போவது? அறையில் மூத்தவர் உட்கார்ந்திருக்க, சின்னவர்கள் சாப்பிடப் போவதாவது. நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஹேரிம் பார்லி டீ ஊற்றினாள்.

"நல்லா நடிக்கிறீங்க ஐயா," என்றான் சுங்வோன். "நாடகத்துக்குப் போயிருக்கலாம்."

மான்சிக் டீயை எடுத்து உறிஞ்சினார். நடிப்பு என்று நினைத்தால் நினைக்கட்டும். உண்மையைவிட அது கௌரவம்.

பன்னிரண்டு இருபதுக்குக் கடையிலிருந்து போன் வந்தது. "அஞ்சே நிமிஷம் அக்கா," என்று கெஞ்சினாள் ஹேரிம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். சுங்வோனுக்குப் பெட்டிக் கணக்கும் பறந்தது.

"போதும் ஐயா, நீங்க ஜெயிச்சீங்க. ஹேரிம், வெட்டினதைத் திரும்பப் போடச் சொல்லு. பெட்டிக்கு ஒண்ணே போகட்டும்." வரைபடத்தில் திருத்தி, அங்கேயே கையெழுத்தும் போட்டான்.

மான்சிக்குக்குச் சந்தோஷம் வரவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு தடவை ஜெயித்தார், அதுவும் பேசி அல்ல, முழங்காலால். அதை நினைக்க இன்னும் களைப்பாக இருந்தது.

எல்லோரும் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதான் ஒத்துக்கிட்டேன்ல ஐயா. இன்னும் என்ன?"

மான்சிக் மறுபடி ஊன்றிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஹேரிம், இங்க வாம்மா. இப்ப கை குடு."

சிரித்துக்கொண்டே வந்து ஒரு கையைக் கொடுத்தாள். போதவில்லை. அவள் சிரிப்பு நின்றது. சுங்வோன் ஓடி வந்து மறுபக்கம் முழங்கையைத் தாங்கினான். இருவருமாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

"எவ்வளவு நாளா ஐயா இப்படி?" என்று கேட்டான் சுங்வோன்.

"ரெண்டு வருஷமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இந்த வேலைய எனக்குக் குடுத்திருப்பியா?"

சுங்வோன் படி இறங்கி முடியும்வரை அவருடைய முழங்கையைப் பிடித்தபடியே வந்தான்.