பாதி வழிக் காற்று

ராப்பா நூயித் தீவின் விமான நிலையத்தில், வானிலை அறைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மெராஹி. வடக்கிலிருந்து காற்று, மணிக்கு எழுபது கிலோமீட்டர். ஓடுபாதையோ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. எதிர்க்காற்று என்றால் இறங்கும் விமானத்தைத் தாங்கிப் பிடிக்கும். பக்கக்காற்று, சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் புரட்டிவிடும். அறுபதைத் தாண்டினால் இறங்க விடமாட்டார்கள்.

தலைநகர் சாந்தியாகோவிலிருந்து தீவுக்கு மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது கிலோமீட்டர். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் வருவதற்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். போவதற்கு நாலேமுக்கால் போதும். நடுவில் ஒதுங்க வேறு நிலமில்லை. அதனால் பாதி வழியில் விமானி தீவின் காற்றைக் கேட்பார். அந்த இடம்வரை என்றால் திரும்பிவிடலாம். தாண்டிவிட்டால், காற்று எப்படி இருந்தாலும் இங்கேதான் இறங்கியாக வேண்டும்.

இன்றைய விமானத்தில் அவள் தம்பி பெத்தெரோ படுத்திருந்தான். ஈரலில் புற்று. சாந்தியாகோ மருத்துவமனையில் நான்கு மாதம் கிடந்தவன், ஊரில்தான் கண்ணை மூடுவேன் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய பயணம். ஒரு பயணத்தைத் தாங்குவான், இன்னொன்றைத் தாங்கமாட்டான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில் தொலைபேசியில் சிரித்தான். "என்னப் படுக்க வைக்க ஆறு சீட்ட மடக்கிட்டாங்கக்கா. கவர்னருக்கே ஒண்ணுதான்."

விமானி காற்றைக் கேட்டார். விமானியோடு பேசும் வானொலிக் கருவியில் இருந்த லூச்சோ பதில் சொல்லாமல் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அம்பத்தஞ்சுன்னு சொல்லிடவாக்கா? அவங்க வந்து சேர்றதுக்குள்ள அடங்கிடும்."

அடங்கலாம்தான். இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. தெரேவாக்கா மலை மேல் மேகம்கூடக் கலைவதுபோல்தான் இருந்தது. மெராஹி அதைப் பார்த்தாள். திரையையும் பார்த்தாள். எழுபத்திரண்டு.

"பெத்தெரோ மட்டுமா இருக்கான் அதுல?"

லூச்சோவின் கையை விலக்கி அவளே சொன்னாள். விமானி நன்றி சொன்னார். பிறகு, திரும்பிப் போய்ச் சேரும் நேரத்தையும் சொன்னார்: இன்னும் இரண்டு மணி நேரம் இருபது நிமிடம். வரும்போது மறித்த காற்று இனி பின்னாலிருந்து தள்ளும்.

வெளியே, செய்தி கேட்டவர்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் கம்பி வேலியருகே நின்றாள். கையில், வருகிறவருக்குப் போடும் பூமாலை.

"எதுவரைக்கும் வந்தான்?"

"பாதி வரைக்கும்மா."

அம்மா கிழக்கே பார்த்தாள். அங்கே கடலும் வெயிலும்தான் இருந்தன.

"காத்த நீதான் சொன்னியா?"

"நான்தாம்மா."

அம்மா மாலையை இரண்டு கையாலும் விரித்து, எட்டி, மகளின் கழுத்தில் போட்டாள். உயரம் எட்டாததால் மெராஹி குனிந்துகொடுக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது வடக்கேயிருந்து வந்த காற்று மாலையைத் தூக்கி, ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தது.