அடுத்த மாடல் வரட்டும்

ஸ்டூடியோவில் படம் எடுப்பது மனைவி. வரப்போகும் கேமராவைப் பற்றிப் பேசுவது கணவர். வேலையை இப்படிப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை, அதுவாக அமைந்துவிட்டது.

இணையத்தில் அவர் இருக்கும் கேமரா குழுவில் அவருக்கு ஜோசியர் என்று பட்டம். அடுத்த டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவில் என்னென்ன வரும் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுவார். சொன்னதில் பாதி வராது. வராததை அதற்கடுத்த மாடலின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படம் எடுத்துவிட்டு அவள் வந்தாள். பழைய கேமரா, அதில் பெரிய லென்ஸ். இரண்டும் சேர்ந்து கைக்குழந்தை கனம் கனக்கும். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இப்படியே தூக்கிக்கொண்டிருந்தால் விரல் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. எடை குறைந்த கேமரா கடையில் இருந்தது. வாங்கப் பணமும் இருந்தது. 'அவசரப்படாதே, அடுத்த மாடல் வரட்டும்' என்று சொல்ல வீட்டில் ஆளும் இருந்தார்.

"வந்துட்டியா? இதைக் கேளு," என்றார் அவர், திரையை விட்டுத் திரும்பாமல். "புதுசுல இருட்டுல கூட எதிர்ல இருக்கறவங்க கண்ணைத் தேடிப் பிடிச்சு ஃபோகஸ் பண்ணிக்குமாம். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாதாம்!"

அவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மணிக்கட்டில் வைத்துக்கொண்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"எடை எவ்வளவாம்?"

"அதை யாருமே பேசலையே. இரு, கேட்டுப் பார்க்கறேன்."

குழுவில் கேட்டார். பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. ஒன்றை வாய்விட்டுப் படித்தார். "தூக்க முடியாதவங்களை ஃபோன்ல எடுக்கச் சொல்லுங்க ஜோசியரே!" படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. தன் கையைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை என்று தெரியும். கையை அவர் பார்க்கவே இல்லை.

ஃபோன் அடித்தது. பள்ளி ஆசிரியை.

"மிச்ச வகுப்பெல்லாம் நாளைக்கு முடிச்சிடலாமா மேடம்?"

"முடிச்சிடலாம். நாளைக்கு என் வீட்டுக்காரர் வந்து எடுப்பாரு."

சிரிப்பு பட்டென்று நின்றது. "நானா?"

அவள் கேமராவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். கை சட்டென்று தாழ்ந்தது. இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். கேமராவைப் பார்த்தார், பிறகு அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார்.

"கடை இப்பத் திறந்திருக்கும்," என்றார். "கிளம்பு, அந்தச் சின்னதை வாங்கிட்டு வந்துடலாம்."

"வாங்கலாம்," என்றாள் அவள், பாயை விரித்தபடி. "நாளைக்கு நீங்க இதுல எடுத்து முடிச்சுட்டு வாங்க. அப்புறம் போகலாம்."