பெரிய வெள்ளிக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும், லெந்து காலம் முழுக்க, ரெனிட்டா தன் நர்ஸ் யூனிஃபார்மைத் தேய்க்க என் வீட்டுக்குத்தான் வந்தாள். "எங்க வூட்டு இஸ்திரிப் பெட்டி பிஸிக்கா" என்பாள். அது என்ன பிஸி என்று நான் கேட்கவில்லை. பின்கட்டில் அவர்கள் சமையலறை ஜன்னல் என் சமையலறை ஜன்னலைப் பார்த்த மாதிரி இருக்கிறது. வேண்டாம் என்றாலும் தெரிந்துவிடும். துணி தேய்க்கிற பெட்டியை வைத்து அவள் புருஷன் ஜெர்சன் செம்புத் தகடு ஒட்டிய பலகைமேல் காகிதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அதுவும் ஒரு விதத்தில் நல்ல செய்திதான். அதற்கு முன்னால் அவன் எதையுமே செய்யவில்லை.

ஆம்பூரில் இருப்பவர்களுக்கு 2009 ஞாபகம் இருக்கும். வெள்ளைக்காரன் பழைய ஷூவையே இன்னொரு வருஷம் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்துவிட்டான். இங்கே கம்பெனி கம்பெனியாக ஆளைக் குறைத்தார்கள். ஜெர்சன் பேட்டர்ன் செக்‌ஷனில் இருந்தவன். ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் அட்டையில் அளவு வரைந்து கொடுப்பது அவன் வேலை. பொங்கல் லீவு முடிந்து போனவனை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவன் பாயை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்தான். அது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். நான் இந்தப் பக்கம் சுண்டைக்காய் நசுக்கினால் அந்தப் பக்கம் அவன் புரண்டு படுப்பது கேட்கும். அவ்வளவு மெல்லிய சுவர். சாப்பாட்டுக்கு எழுப்பினால் எழுவான். தாடி வளர்ந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆன வீடு. குழந்தை விஷயத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டதெல்லாம் எதிர்வீட்டு ஃபீபிதான்.

அந்த நேரத்தில்தான் ரெனிட்டாவுக்குக் குவைத் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ காண்ட்ராக்ட், தனியாகத்தான் போக வேண்டும். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமைக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டுமாம். அவள் அதைச் சொன்ன அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்கு எழுப்பாமலே ஜெர்சன் எழுந்து உட்கார்ந்தான்.

"நீ போகாதே ரெனி."

"சரி, நீங்க எழுந்திருங்க மொதல்ல."

மறுநாள் தாடியை எடுத்துவிட்டு நேரே சபைக் கமிட்டியிடம் போய் நின்றான். அவன் எதற்குப் போனான் என்று தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தின வருஷத்துப் பெரிய வெள்ளி ஆராதனையைச் சொல்ல வேண்டும். மூன்று மணி நேர ஆராதனை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள், ஏழு பிரசங்கம். இரண்டாவது வார்த்தையில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதற்குப் பிறகு பிரசங்கம் பண்ணியது ஜெனரேட்டர்தான். பாஸ்டர் ஐயா வாயசைத்தார், நாங்கள் குத்துமதிப்பாக அழுதோம். 2009இல் கரண்ட் கட் இன்னும் ஜாஸ்தி.

"லாரி பேட்டரியில ஓடற ஆம்ப்ளிஃபயர் நான் செஞ்சித் தர்றேன் ஐயா. சத்தமே இருக்காது. அதாவது, பேசற சத்தம் மட்டும்தான் இருக்கும்" என்றான் ஜெர்சன்.

கமிட்டி செக்ரட்டரி வில்சனுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. "ஷூ வெட்றவன் ஆம்ப்ளிஃபயர் வெட்றேன்றான். சைஸ் இன்னா தம்பி, எட்டா ஒம்போதா?"

பாஸ்டர் ஐயா மட்டும் "செய்யட்டும்" என்றார். வேலையில்லாதவனை வேறு என்ன சொல்லி அனுப்புவார்?

ஜெர்சன் வீட்டுக்கு வந்து ரெனிட்டாவிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். "இது பாடிச்சிதுன்னா எனக்கு ஒரு தொழில் ஆச்சு. இங்க எத்தினி சர்ச்சு, எத்தினி மண்டபம், எல்லா எடத்துலயும் கரண்ட் இல்ல. நீ எங்கயும் போக வேணாம். பெரிய வெள்ளி வரைக்கும் பொறு." அவள் "பாக்கலாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அந்த வீடு வீடாக இல்லை. செம்பை அரிக்கிற திரவத்தைப் பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, துவைக்கிற கல்லின் மேல் வைத்து ஆட்டிக்கொண்டிருப்பான். கல் மஞ்சளாகி, பழுப்பாகி, சபீனா போட்டுத் தேய்த்தாலும் போகாத கறையானது. மிச்சத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று அவன் ரொம்ப யோசித்தான். பாலாற்றுக்குத் தெரியாத கெமிக்கலா என்று நான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவன் எதற்குமே சிரிக்கவில்லை.

பேட்டரி கொடுக்க ஒப்புக்கொண்டவர் தெருமுனை ஷபீ அஹமது. பச்சைத் தோல் ஏற்றுகிற லாரி வைத்திருப்பவர். அவர் மனைவி அக்தரி பேகம் பேட்டரியை எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஆள் இல்லை. எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான். தெருக்குழாயடியில் ஜெர்சனைப் பிடித்துக்கொண்டாள்.

"கடையில விக்கிற ஆம்ப்ளிஃபயர் லாரி பேட்டரியில ஓடாதா பேட்டா?"

"ஓடும் பாபி, ஆனா சீக்கிரம் தீந்துடும். அது குழாயைப் பாதி தொறந்து புடிச்சிக்கினு நிக்கற மாதிரி. பாதி கரண்ட் சூடாவே பூடும். நான் செய்யறது கிளாஸ் டின்னு வேற வகை. முழுசா தொறக்கும், முழுசா மூடும். ஒரு செகண்டுக்கு லட்சக்கணக்கான தடவை. சூடு கம்மி, பேட்டரியும் நிக்கும்."

"எங்க வூட்டுக் குழாயை அப்டித் திருகாதே. வாஷர் பூடும்" என்று அக்தரி பேகம் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதிலும் விஷயம் இருந்தது. முதல் பலகையில் வைத்த ஐ.சி., அதுதான் அந்தத் திறப்பு மூடலை எல்லாம் நடத்துகிற பதினாறு கால் பூச்சி, ஒரு சாயங்காலம் 'டப்' என்று வெடித்துப் புகைந்தது. அதன்மேல் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கோடுகள் நெருக்கமாக இருந்ததால் இப்படி என்று ஜெர்சன் மறுபடி முதலிலிருந்து வரைந்தான். சென்னைக்கு ரயிலேறிப் போய் இன்னொரு ஐ.சி. வாங்கிவந்தான். செம்புப் பலகையிலும் கடைசித் துண்டுதான் மிச்சம். அவன் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. ரெனிட்டா டூட்டிக்குப் போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எவ்வளவு நேரம் நின்றாலும் அவன் திரும்ப மாட்டான்.

பெரிய வியாழன் மத்தியானம் நான் முருங்கைக்கீரை கொடுக்கிற சாக்கில் போனேன். பலகை முடிந்திருந்தது. செம்புக் கோடுகள் பளபளவென்று, துளையெல்லாம் போட்டு, பார்க்க அழகாகவே இருந்தது. ஜெர்சன் தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, கண்ணாடி இருக்குதா?"

எடுத்துக் கொடுத்தேன். பலகையைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"கண்ணாடிக்குள்ள சரியா இருக்குதுக்கா" என்றான்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. கம்ப்யூட்டரில் வரைந்த கோடுகளை வழவழப்பான தாளில் அச்செடுத்து, செம்பின்மேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். கவிழ்க்கும்போதே படம் ஒருமுறை திரும்பிவிடும். அப்படித் திரும்பினால்தான் சரி. ஆனால் ஜெர்சன் பேட்டர்ன்காரன். இடது காலுக்கு ஒன்று வரைந்தால் அந்தக் கையோடு திருப்பிப் போட்டு வலது காலுக்கும் ஒன்று எடுப்பான். வருஷக்கணக்காக அதே வேலை. முதல் பலகைக்கு நின்று நிதானித்துச் செய்தவன், இந்தத் தடவை தூக்கக் கலக்கத்தில் பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கும் முன் கையின் பழக்கத்தில் படத்தைத் திருப்பிவிட்டான். இரண்டு முறை திரும்பி, செம்பில் எல்லாமே இடம் வலமாக விழுந்துவிட்டது. மற்ற சாமான்களை எப்படியாவது திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஐ.சி.யின் முதல் கால் போக வேண்டிய துளை எதிர்ப்பக்கம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ரெனிட்டா டூட்டி முடித்து வந்தாள். அவன் பலகையை அவள் கையில் கொடுத்தான்.

"வேற பலகை இல்ல. நாளைக்குக் கடையும் இல்ல. முடிஞ்சிச்சி ரெனி. நீ அவங்களுக்குச் சொல்லிடு, போய்க்கோ."

சொல்லிவிட்டு அதே பாயில், அதே சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். நான் கிளம்பியிருக்க வேண்டும்தான். கீரை ஆய்ந்து கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ரெனிட்டா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பலகையோடு நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பார்த்தபடியே அவன் பேச ஆரம்பித்தான், எங்களிடம் இல்லை. "ஷூவோட மேல்தோலை உள்பக்கம் வெளியே இருக்கற மாதிரி வச்சித்தான் தைப்போம். தைச்சப்புறம் திருப்புவோம்." பிறகு எழுந்து உட்கார்ந்தான். "ஐ.சி.யை மல்லாக்கப் போட்டா இன்னா? காலை எல்லாம் எதிர்ப்பக்கம் மடக்கிட்டா இடம் வலம் மாறிடும். இந்தத் துளையிலயே உக்காரும்."

"கால் ஒடிஞ்சா?"

"ஒடிஞ்சா அவ்ளோதான்."

இடுக்கியை எடுத்தான். முதல் காலைத் தொடுவதற்குள் இரண்டு முறை வழுக்கியது. ரெனிட்டா பைக்குள்ளிருந்து ஒரு ஃபோர்செப்ஸை எடுத்தாள்.

"தள்ளுங்க. டார்ச்சைப் புடிங்க."

பதினாறு காலையும் அவள்தான் மடக்கினாள். தையல் பிரிக்கிறவள் மாதிரி, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். நடுவில் அவன் ஏதோ சொல்லப் போனான். "மூச்சு விடாதீங்க, லைட் ஆடுது" என்றாள். ஒன்றுகூட ஒடியவில்லை. அதன்பிறகு எந்த ஒயர் எங்கே என்று அவன் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே பிடித்துக் கொடுத்தாள். ஐ.சி. செத்த கரப்பான்பூச்சி போல வயிற்றைக் காட்டிக்கொண்டு பலகையில் கிடந்தது. பொழுது சாயும்போது ஸ்பீக்கரிலிருந்து ரேடியோ பாடியது. என் கீரை இன்னும் பாதிகூட ஆயப்படவில்லை.

பெரிய வெள்ளியன்று கரண்ட் முதல் வார்த்தையிலேயே போனது. பாஸ்டர் ஐயா குரல் போகவில்லை. "தாகமாயிருக்கிறேன்" என்று அவர் மெதுவாகச் சொன்னது பின்வரிசையில் எனக்கு, என் காதுக்குள் சொன்னது மாதிரி கேட்டது. வில்சனே எழுந்து வந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். "சூடே இல்லய்யா!" பக்கத்துச் சபைக்காரர் ஒருவர் வாசலிலேயே ஜெர்சனின் செல் நம்பரை வாங்கிக்கொண்டார். அவனுக்கு முகம் நிறையப் பல். துக்க நாள் என்பதையே மறந்துவிட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் அவர்கள் சமையலறையில் பேசினார்கள்.

"நான் வரேன்னு அவங்களுக்குச் சொல்லிட்டேங்க" என்றாள் ரெனிட்டா.

என் வீட்டுக் குழாயை மூடினேன். சரியாகக் கேட்கவில்லை.

"இன்னா சொன்னே?"

"குவைத்துக்கு."

"ஓடிச்சே ரெனி! எல்லாரும் பாத்தாங்களே! ஓடிச்சின்னா போக வேணாம்னு தானே..."

"அது நீங்க சொன்னது. நான் பாக்கலாம்னு தான் சொன்னேன்." தண்ணீர் மொள்ளும் சத்தம். "உங்களைப் பாயில போட்டுட்டு எப்டிப் போறது? வரலைன்னு சொல்லத்தான் இருந்தேன். இப்ப எழுந்து நிக்கிறீங்க. நாலு பேரு தேடி வர்றாங்க. இப்பதான் என்னால போவ முடியும்."

"அப்ப நேத்து இது ஓடாம இருந்திருந்தா?"

அவன் திரும்பத் திரும்ப அதையே கேட்டான். கெஞ்சினான். பாத்திரம் ஒன்றைக் கீழே போட்டான். எனக்கு ஜன்னலைச் சாத்த மனம் வரவில்லை.

ஈஸ்டர் ஆராதனை விடியற்காலையில், சபை வளாகத்தில், திறந்தவெளியில். எங்கள் தெருவில் பாதி ஜனம் வெள்ளை உடுத்தி வந்திருந்தது. மேஜைமேல் டப்பா, கீழே ஷபீ அஹமதின் பேட்டரிகள், பக்கத்தில் ஜெர்சன். கண் வீங்கியிருந்தது. "அவர் இங்கே இல்லை" என்று பாஸ்டர் ஐயா காலியான கல்லறை பற்றிய வேத பாகத்தை வாசிக்கத் தொடங்கியபோது ஜெர்சனின் கை மேஜைக்குக் கீழே போவதைப் பார்த்தேன். மற்றவர்கள் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குத்தான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கிற பழக்கம் இல்லையே. பேட்டரி ஒயரைப் பிடித்தான். பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு இழுத்துவிட்டான்.

குரல் செத்தது.

"இன்னாய்யா ஆச்சி?" என்று வில்சன் முன்வரிசையிலிருந்து. "முந்தாநேத்து நல்லாதானே இருந்திச்சி? இதுக்குத்தான் ஜெனரேட்டரை வைங்கய்யான்னு தலபாடா அடிச்சிக்கினேன்." முணுமுணுப்பு பரவியது. பாஸ்டர் ஐயா மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். ஜெர்சன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒயரைத் தேடுவதுபோல நடிக்கக்கூட இல்லை. திட்டட்டும், துரத்தட்டும், மறுபடி பாயில் விழலாம் என்று காத்திருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து ரெனிட்டா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வரிசைகளுக்கு நடுவே, அத்தனை பேர் பார்க்க நடந்து போனாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜைக்கு முன்னால் முழங்காலிட்டு, ஒயரை எடுத்து, சிவப்பைச் சிவப்பில் பொருத்தித் திருகினாள். 'டும்' என்று ஒரு சத்தம். பாஸ்டர் ஐயாவின் குரல் பாதி வாக்கியத்திலிருந்து திரும்பி வந்தது.

அவள் எழுந்து தன் இடத்துக்குத் திரும்பவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒயர்மேல் கையை வைத்துக்கொண்டாள். ஜெர்சன் மெதுவாகக் கீழே கையை நீட்டினான். மறுபடி பிடுங்கப் போகிறான் என்று நினைத்தேன். அவள் கைமேல் தன் கையை வைத்தான். அவள் உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் ஒயர் அவள் பிடியில்தான் இருந்தது.

"பாருக்கா" என்று ஃபீபி என் தோளை இடித்தாள். "புருஷன் தொழில்ல எப்டிக் கூட நிக்குது பாரு அந்தப் பொண்ணு. இனிமே அவன் பொழச்சிக்குவான்."

"ஆமா" என்றேன்.