வெப்ப மண்டலத்துக் காடு

எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது நான். கோளரங்க வாசலில் ஒட்டியிருந்த புதுக் காட்சியின் சுவரொட்டியிலோ "எழுத்தும் குரலும்" என்ற வரிக்குக் கீழே அக்கா வீட்டுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அங்கே மேலாளர். நான் கூரையில் படம் காட்டும் கருவியை ஓட்டுகிறவள். என் பேர் எங்கே என்று கேட்டதற்கு, குடும்பத்துக்குள் என்ன உன்னுது என்னுது என்றார். அக்காவும் விட்டுத்தொலை என்றாள். நான் விடவில்லை. வயிறு எரிந்தது, அதை மறைத்துப் பேச எனக்கு வராது.

முதல் காட்சி காலை பதினோரு மணிக்கு. பூமியைச் சுற்றியிருக்கும் காற்று அடுக்குகளை நான் ஒவ்வொன்றாகக் கூரையில் காட்ட, அவர் கீழே நின்று மைக்கில் விளக்க வேண்டும். எழுதியதை அப்படியே படித்தாலே போதும். ஆனால் சொந்தச் சரக்கு சேர்க்காவிட்டால் மாமாவுக்குத் தூக்கம் வராது. பத்தரைக்குத்தான் தாள்களை முதல்முறையாகப் புரட்டினார். நான்காவது அடுக்கில் விரலை வைத்தார்.

"வெப்ப மண்டலத்துக்கு ரெண்டு வரிதான் இருக்கு. நான் கொஞ்சம் சேத்துக்கட்டுமா?"

அந்த அடுக்கின் பெயருக்குப் பள்ளிக்கூடப் புவியியலில் வேறு அர்த்தம்: பூமத்திய ரேகையை ஒட்டிய சூடான நாடுகள். அவர் மனதில் அதுதான் ஓடுகிறது என்று முகத்திலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லித் திருத்தியிருக்கலாம்.

"உங்களுக்குத் தெரியாததா மாமா," என்றேன்.

அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசை முழுக்க வானிலை ஆய்வாளர்கள். மூன்று அடுக்குகளைப் பழுதில்லாமல் படித்தார். நூறு கிலோமீட்டர் உயரத்தைக் கூரையில் கொண்டுவந்தேன். மாமா தாளை மடக்கிவிட்டுக் குரலை உயர்த்தினார். இங்கே வருஷம் முழுக்க மழை, அடர்ந்த காடு, குரங்குகள் ஏராளம் என்றார்.

முதலில் ஒரு இருமல் கேட்டது. பிறகு அரங்கமே சிரித்தது. முன்வரிசை அம்மாள் ஒருவர், அந்தக் குரங்குகள் அங்கே எப்படி மூச்சு விடும் என்று விசாரித்தார். மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. என் பக்கம் கையை நீட்டினார்.

"இதை எழுதினது நான் இல்லைங்க. முழுக்க முழுக்க இவதான்."

நான் கேட்டும் சொல்லாததை இருநூறு பேர் முன்னால் மைக்கில் சொல்லிவிட்டார். விளக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் போனேன். தாளையும் மைக்கையும் வாங்கி அந்த இரண்டு வரியைப் படித்தேன்.

"எண்பது கிலோமீட்டருக்கு மேல் வெப்ப மண்டலம், சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். காற்று மிகக் குறைவு என்பதால் கையை நீட்டினால் சுடாது."

மாமாவை நிமிர்ந்து பார்த்தேன்.

"எழுதினது நான்தான். குரங்கு மட்டும் மாமாவோடது."