பிள்ளையார் இருந்த கதிரை

"அம்மா, இந்த ஊரில வீட்டுக்குப் பின்பக்கம்தானே முன்பக்கம்?" என்று ரஞ்சினி ஒருநாள் கேட்டாள்.

ஆறு வயதுப் பிள்ளையின் கேள்விதான். ஆனால் அவள் கேட்டதில் பிழை இல்லை என்றே கமலநாயகிக்கும் பட்டது. தெருவில் நின்று பார்த்தால் அந்தச் சுரங்க ஊரின் வீடுகள் எல்லாம் கோபித்துக்கொண்டு நிற்பவை போல இருக்கும். கரிப்புகை படிந்த செங்கல் சுவர்கள், பளபளவென்று துடைத்த கதவுகள். அந்தக் கதவுகளை யாரும் திறந்து அவள் கண்டதில்லை. சுற்றிப் பின்னால் போய்விட்டால் வேறு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி. இரண்டு வரிசை வீடுகளின் முதுகுக்கு நடுவே ஒரு ஒழுங்கை ஓடும். அதன் இரு கரையிலும் கோவாப் பாத்திகள், முயல் கூடுகள், புறாக் கூடுகள், கொடியில் ஆடும் உடுப்புகள். சனங்கள் செருப்போடு நின்று வேலிக்கு மேலால் கதைப்பார்கள். சாப்பாட்டு மணம், சண்டை, சிரிப்பு எல்லாம் அங்கேதான்.

"முன்கதவு கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும், தங்கச்சி" என்று கீழ் அறையில் இருந்த முருகேசு அண்ணை விளக்கம் சொன்னார். "மற்றும்படி பின்னாலதான் வரவேணும். சுரங்கத்தால வாற ஆம்பிளையள் கரியோட முன்னால வரலாமே?"

முருகேசு அண்ணை வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆகவே அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவருடைய எண்ணம். கமலநாயகியும் அவள் கணவன் தவராசாவும் பிள்ளையும் எண்பத்தைந்தாம் ஆண்டு வசந்தத்தில் வந்தவர்கள். கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் கடந்து, முகாம் முகாமாக மாறி, கடைசியில் மேற்கு ஜெர்மன் அரசாங்கம் கைகாட்டிய இந்த ஊரில் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி வீட்டின் மேல்மாடியில் வந்து சேர்ந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. ஊர் எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. காலை முழுக்கப் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கும், நாள் முழுக்க வீட்டில் இருந்த தாய்க்கும் பின்னேரங்களில் ஒழுங்கைகள்தான் உலகம். இன்றைக்கு இந்த ஒழுங்கை, நாளைக்கு அடுத்தது என்று இருவரும் கைகோத்துக்கொண்டு திரிந்தார்கள். எந்த வீட்டுப் புறா எந்த நிறம், எந்த முயலுக்கு ஒரு காது மடிந்திருக்கிறது என்பதெல்லாம் ரஞ்சினிக்குப் பாடம்.

அந்தக் கதிரை வந்தது ஐப்பசியில். ஊரில் பழைய தளபாடங்களை வெளியே வைக்கிற நாள் என்று ஒன்று வரும். ஷ்பெர்முல் என்பார்கள். வேண்டாத சாமான்களை வீட்டு வாசலில் வைத்தால் அடுத்த நாள் நகரசபை லொறி வந்து அள்ளிப்போகும். அதற்குமுன் தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். முருகேசு அண்ணைக்கு அது தீபாவளி மாதிரி. மத்தியானமே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"வாங்கோ, நல்ல சாமான் எல்லாம் போயிடும். தவராசா, நீர் முன்னுக்கு நடவும். தங்கச்சி, வாளியளையும் கொண்டு வாரும்."

ஒரு கம்பளம் கிடைத்தது. கால் ஆடுகிற அலுமாரி ஒன்று கிடைத்தது. பிறகு தங்கள் ஒழுங்கைக்கே திரும்பி வந்தபோது, ஒரு வீட்டின் பின்புறத்தில் நிலக்கரி ஒரு குவியலாகக் கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மரக் கதிரை. சாய்மானத்தில் இரண்டு சுத்தியல்கள் குறுக்காகச் செதுக்கியிருந்தன. கதிரையோடு சாய்த்தபடி கரி அள்ளுகிற ஒரு சவள்.

"அண்ணை, கரியையும் எறியினமோ?" என்று கமலநாயகி கேட்டாள்.

"இஞ்ச நிலத்துக்குக் கீழ முழுக்கக் கரிதானே. எங்கட ஊரில மணல் எறியிற மாதிரி."

"மணலை ஆர் அண்ணை எறியிறது?" என்றான் தவராசா.

"அதைத்தான் நானும் சொல்லுறன். கதையாமல் அள்ளும்."

மூன்று வாளி கரி அள்ளினார்கள். தவராசா கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். சவளையும் எடுப்போமா என்று அவன் கேட்டதற்கு முருகேசு அண்ணை தலையசைத்து மறுத்துவிட்டார்.

"எல்லாத்தையும் நாங்களே எடுக்கப்படாது. வேற ஏழையளும் வருவினம்."

அன்றைக்குக் குசினி அடுப்பு நன்றாக எரிந்தது. கமலநாயகி கதிரையைக் கழுவித் துடைத்து, சுவரோரம் வைத்து, அதன்மேல் பிள்ளையார் படத்தை வைத்தாள். ஊரிலிருந்து சேலைக்குள் சுற்றி மொஸ்கோ வழியாகக் கொண்டுவந்த படம். அதுவரை யன்னல் விளிம்பில் இருந்து, கண்ணாடியில் வடிகிற ஈரத்தில் ஒரு மூலை ஊறிப்போயிருந்தது. இப்போது பிள்ளையார் காய்ந்த இடத்தில், சாய்மானத்தோடு, இரண்டு சுத்தியல்களுக்கு முன்னால் வசதியாக வீற்றிருந்தார்.

"பாரும், இந்த நாட்டில முதல் கதிரை கிடைச்சது அவருக்குத்தான்" என்று தவராசா சிரித்தான்.

கரி இருந்த அந்தப் பின்வீட்டில் தனியே ஒரு அம்மா இருந்தாள். சொபொட்கா என்று பெயர். கணவன் சுரங்கத்தில் வேலை செய்து, சில வருடங்களுக்கு முன் இருமி இருமிச் செத்துப்போனவர். அவள் ரஞ்சினியைக் கண்டால் வேலிக்கு மேலால் ஒரு அப்பிள் நீட்டுவாள். குளிர் தொடங்கியதும் கையால் பின்னிய ஒரு சோடி காலுறையை நீட்டினாள். கமலநாயகி இரண்டு கையாலும் கும்பிட்டாள். சொபொட்கா அம்மாவும் அதைப் பழகிக்கொண்டு திருப்பிக் கும்பிட்டாள். மொழி இல்லாமலே இருவரும் நல்ல சிநேகம். வெயில் எட்டிப் பார்க்கிற நேரங்களில் அந்த அம்மா பின்கதவடியில் கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் இருந்தபடி உருளைக்கிழங்கு சீவுவாள். எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கையூன்றித்தான் எழும்புவாள். முதுகு சரியில்லாத மனுசி இருந்த கதிரையையும் எறிந்துவிட்டாளே என்று கமலநாயகி பலமுறை பரிதாபப்பட்டிருக்கிறாள்.

கார்த்திகையில் ஒருநாள் தாயும் மகளும் சுரங்க வாசல் பக்கம் இருந்த, அதுவரை போகாத ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தார்கள். அங்கே ஒரு வீட்டின் பின்னாலும் கரிக் குவியல். ஒரு மனிதர் சவளால் அள்ளி அள்ளி நிலவறை யன்னலுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கதிரை, அதில் அவருடைய கோட்டும் ஒரு பியர் போத்தலும்.

"அம்மா, இந்த மாமா எறிஞ்ச கரியைத் திருப்பி உள்ள போடுறார்" என்றாள் ரஞ்சினி.

அந்த மனிதர் பத்துப் பதினைந்து சவள் போட்டபின் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார். அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். தொப்பியிலும் இரண்டு சுத்தியல்கள் குறுக்காக இருந்தன, தங்கள் வீட்டுக் கதிரையில் போல.

ஒழுங்கைக் கோடியில் அதே சுத்தியல் குறி போட்ட லொறி ஒன்று இன்னொரு வீட்டுக்குக் கரி கொட்டிக்கொண்டிருப்பதைக் கமலநாயகி கண்டாள். கரி குப்பை இல்லை. சுரங்கத்தில் உழைத்தவர்களின் வீடுகளுக்கு லொறியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிற உரிமைக் கரி அது. அள்ளும்போது களைத்தால் இருப்பதற்குத்தான் கதிரை. சொபொட்கா அம்மா ஏன் வாளியில் இருக்கிறாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து ஆண்கள் இருவரிடமும் சொன்னாள். முருகேசு அண்ணை முதலில், "அந்த ஆள் எறிஞ்சிட்டுப் பிறகு மனம் மாறியிருப்பார்" என்று சொல்லிப் பார்த்தார். அது தனக்கே சரிப்படவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, வாயைத் திறவாதையும். தை மாதம் உங்களுக்கு அகதி விசாரணை. களவெண்டு ஒரு சொல்லு ஃபைலில ஏறினா, மூண்டு பேரும் திரும்பி கொழும்புக்கு. உந்த ஒரு கதிரைக்காக."

"தெரியாமல்தானே அண்ணை எடுத்தனாங்கள்."

"தெரியாமல் எடுத்தனாங்கள் எண்டதை ஜெர்மன் பாஷையில சொல்ல ஆரிட்டைப் போறீர்? என்னட்டைத்தானே? எனக்கு ஏலாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். ரஞ்சினி ஊரில் பதுங்குகுழிக்குள் கழித்த இரவுகளை நினைத்தால் கமலநாயகிக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து பிள்ளையாருக்கு முன் கைகூப்பி நிற்கிறபோது கண் படத்தில் நிற்காது, கதிரையின் காலில்தான் நிற்கும். கேட்காமல் எடுத்த இருக்கையில் அவரை இருத்திவைத்துக்கொண்டு எதைக் கேட்பது? சொல்ல ஏலாவிட்டால் பரவாயில்லை, செய்யலாம் என்று அவள் முடிவு செய்தாள்.

ஆனால் அந்த ஒழுங்கையில் கண் இல்லாத நேரம் கிடையாது. ஒரு பின்னேரம் கதிரையைப் படுக்கை விரிப்பால் சுற்றிக் கொண்டு இறங்கினாள். பின்வேலிப் படலையடியில் புறா வளர்க்கிற கிழவர் நின்றார். "குட்டன் ஆபன்ட்" என்று மாலை வணக்கம் சொன்னார். இவளும் "குட்டன் ஆபன்ட்" என்றாள். கிழவர் மூட்டையைப் பார்த்தார். இவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு மழைக்குப் பயந்தவள் போலக் கதிரையோடு திரும்பிப் படியேறிவிட்டாள்.

"பிள்ளையாரை உலாத்தக் கொண்டுபோனீரோ?" என்றான் தவராசா.

"இல்லை, அவரின்ர வாகனத்தை."

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் சொபொட்கா அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் மறுபடியும் லொறி வந்து கரி கொட்டியது. அந்த அம்மா வேலியடியில் நின்று ரஞ்சினியிடம் நீளமாக ஏதோ சொன்னாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மொழி தாயைவிட வேகமாக வந்திருந்தது.

"நாளைக்கு பார்பரா எண்ட சாமியின்ர திருநாளாம். நிலத்துக்குக் கீழ போறவையைக் காப்பாத்திற சாமியாம். ஒழுங்கையில எல்லாரும் காலமை கோயிலுக்குப் போவினமாம். பாண்ட் வாத்தியமும் வருமாம்."

"கரி?"

"வழமையா அள்ளிப் போடுற பக்கத்து வீட்டு மாமா கை முறிஞ்சு ஆஸ்பத்திரியிலயாம். கோயிலால வந்து இவவே வாளியால கொஞ்சம் கொஞ்சமா அள்ளுவாவாம்."

சொபொட்கா அம்மா இடுப்பில் கையை வைத்து முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டு, சிரித்தாள். பிள்ளையின் கையில் ஒரு அப்பிளையும் வைத்தாள்.

அடுத்த நாள் காலை தவராசாவுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், போய்த் தலைகாட்டவேண்டிய நாள். துணைக்கு முருகேசு அண்ணையும் போனார். ரஞ்சினி பள்ளிக்கூடம் போனாள். கமலநாயகி யன்னலடியில் காத்து நின்றாள். ஒழுங்கையின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கறுப்பு உடுப்பும் இறகு வைத்த தொப்பியுமாக ஆண்கள், கைப்பையோடு பெண்கள், கடைசியில் புறாக் கிழவர், அவருக்குப் பின்னால் மெல்ல மெல்ல சொபொட்கா அம்மா. கோயில் மணி அடித்து ஓய்ந்தபோது ஒழுங்கையில் புறாக்கள் மட்டும்தான் மிச்சம்.

"கொஞ்சம் எழும்புங்கோ பிள்ளையாரே" என்று சொல்லிப் படத்தைத் தூக்கி, வாழைப்பழப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்தாள். புருசனின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டாள். முதலில், அன்றைக்கு அள்ளியதற்கு ஈடாக, குளிருக்கென்று தங்களுக்கு நகரசபை அனுப்பிய கரிக்கட்டிகளில் மூன்று வாளி நிறையக் கொண்டுபோனாள். அவை சதுரக் கட்டிகள், அந்த அம்மாவின் கரியோ உருண்டை. மேலே கிடந்தால் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே அவற்றை முதலில் நிலவறை யன்னலால் விழுத்தினாள். பிறகு கதிரையையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சுவரோரம் நின்ற சவளை எடுத்து, குவியலை அள்ளி அவற்றுக்கு மேலே போடத் தொடங்கினாள்.

உள்ளங்கை கொப்பளித்தது. மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. தூரத்தில் பாண்ட் வாத்தியம் கேட்கத் தொடங்கியதும், யாருடைய சாமிக்கு என்று பாராமல் அவள் கையும் அந்தத் தாளத்துக்கே அள்ளியது. இடையில் ஒருமுறை களைத்து, கொண்டுவந்த கதிரையில் இருக்கலாமா என்று பார்த்தாள். இருக்கவில்லை. அது திருப்பிக் கொடுத்தாயிற்று, இனி அடுத்தவரின் கதிரை என்று நின்றபடியே மூச்சு வாங்கினாள். குவியல் சிறுத்து, பரவி, கடைசியில் தூள் மட்டும் மிஞ்சியது. அதையும் தும்புத்தடியால் கூட்டி உள்ளே தள்ளினாள். கல்லுப் பதித்த தரை தெரிந்தது.

கதிரையைப் பின்கதவடியில், கூரைத் தாழ்வாரத்துக்குள் மழை படாத இடமாகப் பார்த்து வைத்தாள். கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்திச் சுவரோரம் தள்ளினாள். இருக்கைப் பலகையில் படம் இருந்த இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு கண்ணில் பட்டது. உள்ளங்கையால் தேய்த்தாள், கரி ஒட்டியதே தவிரப் பொட்டு போகவில்லை. மேற்சட்டையின் சுத்தமான உட்பக்கத்தால் கரியை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டுப் பொட்டை விட்டுவிட்டாள்.

வாத்தியச் சத்தம் தெருமுனைக்கு வந்திருந்தது. சவளைக் கதிரையோடு முன்போலச் சாய்த்து வைத்தாள். கறுத்த கை படாமல் முழங்கையால் படலையைச் சாத்திக்கொண்டு, வெறும் வாளிகளோடு தன் வீட்டின் பின்கதவால் ஏறிப் போனாள்.