திங்கட்கிழமை போகலாம்

“வெட்டாதீங்க மாமா, கழட்டிப் பாக்கலாம்” என்று சத்யப்ரியா சொல்லி முடிப்பதற்குள் சகாதேவன் கத்தரிக்கோலை ஓட்டிவிட்டார். சைக்கிள் கிளப்பின் ஆரஞ்சுச் சட்டை அப்பாவின் உடம்போடு ஒட்டியிருந்தது. கைகள் விறைக்கத் தொடங்கியிருந்ததால் வேறு வழியில்லை. குளிப்பாட்ட ஆண்கள் சூழ்ந்ததும் அவளை வெளியே போகச் சொன்னார்கள்.

வெளியே அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பந்தலுக்குள் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கேன் வந்துவிட்டதா என்று கேட்டாள். அது அவள் காலடியிலேயே இருந்தது. ஃபோனை எடுத்து, யாரிடமும் பேசாமல் திரும்ப வைத்தாள்.

அப்பா பஞ்சநாதனுக்கு ஐம்பத்தேழு வயது. மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் மேஸ்திரி. சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்போடு சைக்கிள் ஓட்டப் போனார். பந்தயம் ஒன்றும் இல்லை. பதினைந்து பேர் பேசிக்கொண்டே உள்கிராமங்கள் வழியாகப் போய், எங்காவது டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவார்கள். இன்றைக்கு டீக்கடையிலிருந்து கிளம்பிய கொஞ்ச தூரத்தில் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்போரம் உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம், பாண்டியில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவளை அவர்தான் வண்டியில் கூட்டிப்போக வந்திருந்தார். வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

“லேசா வலிக்குதும்மா. கேஸா இருக்கும். அம்மாகிட்ட சொல்லிடாத, சைக்கிள பூட்டிப் போட்டுடுவா.”

“திங்கக்கெழம லீவு போடறேன்பா. போய் காட்டிட்டு வரலாம்.”

நாளைக்குத்தான் திங்கட்கிழமை.

பன்னிரண்டு மணிக்குக் கிளப் ஆட்கள் வந்தார்கள். கிளப்பை நடத்தும் கலையரசன், பஜாரில் மொபைல் கடை வைத்திருப்பவன், அதே ஆரஞ்சுச் சட்டையோடு மாலையைப் பிடித்தபடி நின்றான். சகாதேவன் அவனை வாசலிலேயே மறித்தார்.

“சர்க்கர இருக்கற ஆள வெயில்ல இட்டுன்னு போய் சாவடிச்சிட்டீங்களே. ஏம்பா, இத்தினி பேர்ல ஒருத்தனுக்குக் கூடவா அறிவு இல்ல?”

“மெதுவாத்தாங்க போனோம்...”

“பேசாத.”

மாலையிலிருந்து தண்ணீர் கலையரசனின் ஷூவில் சொட்டியது. கூட்டத்தில் ஒருவர், ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம் என்றார்.

சத்யப்ரியா உள்ளே போனாள். தண்ணீர் குடித்தாள். திரும்ப வெளியே வந்தாள்.

“அவர விடுங்க மாமா. அப்பாவுக்கு வியாழக்கெழமையே வலி வந்துச்சு. எங்கிட்ட சொன்னாரு. நான்தான் யார்கிட்டயும் சொல்லல.”

சகாதேவன் வாசலிலிருந்து விலகி நின்றார். கூடத்தில் அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அம்மா அமுதவல்லி. ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவளுடைய அழுகை நின்றுபோயிருந்தது. அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை.

கலையரசன் உள்ளே போய் மாலையைப் போட்டான். அம்மா அவனிடம் கேட்டாள்.

“டீ குடிச்சாரா?”

“குடிச்சாருங்க. சக்கர போட்டுத்தான் குடிச்சாரு.”

அவள் தலையாட்டிக்கொண்டாள்.

நான்கு மணி வரை அம்மா மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்யப்ரியா சமையல்கட்டுக்கும் பந்தலுக்குமாக நடந்தாள். ஒருமுறை அம்மாவின் பக்கத்தில் உட்காரப் போனவள், யாரோ கூப்பிட்டது போல் எழுந்து போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

பாடை கிளம்பியது. கிளப் ஆட்கள் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். சகாதேவன் தடுக்கவில்லை. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். மேளச்சத்தம் உப்பளப் பாதையில் திரும்பியதும் ஒவ்வொருவராக வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

அம்மா நகரவில்லை.

“எந்த எடத்துல வலின்னு சொன்னாரு?”

சத்யப்ரியா தன் இடது தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். அமுதவல்லி அந்தக் கையை விலக்கிவிட்டு, அதே இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். வீடு கழுவ வரச் சொல்லிப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் கையை எடுக்கவில்லை.