பாலித் தீவும் பலராமன் லீவும்

1

"உங்கப்பன் செத்ததுக்கே நான் லீவு போடல. ஊரு சுத்தறதுக்குப் போடுவனா?"

பலராமன் இப்படிக் கத்தியபோது காலை ஐந்தே முக்கால். பதிலுக்கு அவன் மனைவி ஜோதி டிபன் பாக்ஸின் மூடியைத் தூக்கி எறிந்தாள். அது சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லின் மேல் வந்து விழுந்தது. மூடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். (விழாவிட்டாலும் போயிருப்பேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?)

கதைக்கான கரு மனதில் உதித்தது என்று எழுதுகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு எதுவும் உதிக்கவில்லை. இந்தக் கதை சத்தத்தோடு வந்து விழுந்தது, நான் பொறுக்கிக்கொண்டேன்.

நான் முதலில் எழுதிய தொடக்கம் வேறு. "1991ஆம் ஆண்டு, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில்" என்று ஆரம்பித்து, வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "ஓ, அந்தக் கதையா?" என்றார். அந்தக் கதை இல்லை. அந்த வருஷத்தையும் அந்த ஊரையும் சேர்த்துச் சொன்னால் உலகத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வரும். அதே வருஷம் அதே பக்கத்தில் ஒரு பெண் புருஷனோடு எட்டு நாள் வெளியூர் போக ஆசைப்பட்டாள் என்றால் யார் நின்று கேட்பார்கள்? அதனால் அதை அடித்துவிட்டுச் சண்டையை முன்னால் வைத்தேன். நின்றுவிட்டீர்கள் பார்த்தீர்களா.

2

பலராமன் மறைமலை நகரில் பிரேக் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கம்பெனியின் பெயர் வேண்டாம். எனக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் அங்கே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். கம்பெனிக்குக் கடல் கடந்த கூட்டாளி ஒருவர் உண்டு. அவருடைய கொள்கை இது: மூன்று வருஷம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத தொழிலாளியும் அவன் மனைவியும் பாலித் தீவுக்குப் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வரலாம். செலவு கம்பெனியுடையது.

அதாவது, விடுப்பே எடுக்காதவனுக்குப் பரிசு, விடுப்பு. இதை நான் கற்பனை செய்ததாக நினைக்க வேண்டாம். எனக்கு அவ்வளவு கற்பனை போதாது.

மே மாதம் முதல் தேதி, மைக் வைத்துப் பலராமனின் பெயரை அறிவித்தார்கள். தெருவே வந்து கை குலுக்கியது. ஜோதி மட்டும் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொள்வதுதானே என் வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்டலத்தில் ஜோதியின் அப்பா அப்பாவு இறந்துபோனார். ஆண் பிள்ளை கிடையாது. ஒரே மருமகன் பலராமன்தான். காலையிலேயே ஆள் போய்ச் சொல்லியும் அவன் லைனை விட்டு நகரவில்லை. பிணத்தை எடுத்தது மூன்று மணிக்கு. ஷிப்ட் விட்டது மூன்றரைக்கு. பாடையைத் தூக்கும்வரை ஜோதி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கம்பெனி யூனிபாரத்தோடு நேராகச் சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது புகை

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். இது சிரிப்புக் கதை என்று சொல்லித்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.)

"எனுக்குத் தீவு வோணாம்கா. எனுக்கோசரம் இந்த ஆளு ஒரு தபா லீவு போடணும். அத்த நான் பாக்கணும்" என்று ஜோதி என்னிடம் சொன்னாள். கதை இவ்வளவுதான். இதற்கு மேல் வருவதெல்லாம் விமான டிக்கெட் பற்றிய தகவல்.

3

கம்பெனி ஒரு வழவழப்பான படப் புத்தகம் கொடுத்தது. அட்டையில் இங்கிலீஷில் இருந்ததை, பலராமனின் தங்கை கங்கா எழுத்துக்கூட்டி மொழிபெயர்த்தாள்: கலாச்சாரம் செழித்த வெப்பத் தீவு. வெப்பம் என்றதும் கூட்டத்தில் பாதி ஆர்வம் போய்விட்டது. அது எங்கள் தெருவிலேயே நிறைய இருந்தது.

ஜோதியின் மாமியார் சின்னப்பொண்ணு புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். பெண்கள் தலையில் பழக்கூடையோடு வரிசையாகப் போகும் படம். அடுக்கடுக்காக நெல் வயல். அனுமார் வேஷம் கட்டிய ஆட்டக்காரன்.

"இன்னாடி இது? ஆடி மாசம் நம்ம அம்மனுக்குக் கூடை தூக்கினு போறோமே, அதானே? நெல்லு, பின்கதவத் தொறந்தா கீது. கொரங்கு, புளியமரத்துல கீது. இதுக்கு இன்னாத்துக்கு ஏரோப்ளேனு?"

"பின்கதவத் தொறந்தா கல்லு நட்டுக்கீறாங்க அத்த. நெல்லு எங்க கீது?" என்றாள் ஜோதி.

அதுவும் உண்மை. கம்பெனி வரப்போகிறது என்று சொல்லி ஒரு புரோக்கர் அந்த வயலை வளைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் விற்கிற காட்சியை இன்னொரு தேசம் டிக்கெட் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேருக்குத்தான் டிக்கெட்டாம்மா" என்றான் பலராமன்.

"ரெண்டு பேரு போயி இன்னாடா பண்ணுவீங்க? ஒரு வேனு பேசினா பன்னெண்டு பேரு போலாம்."

"அது தீவும்மா! நடுவுல கடலு கீது!"

"ராமேஸ்வரம் மட்டும் இன்னா? அதும் தீவுதான். பஸ்ஸுலதான் போயிட்டு வந்தோம். யாரு கிட்ட கதை வுடற?"

இதற்கு நீங்கள் பதில் சொல்லிப் பாருங்கள். உங்களாலும் முடியாது. அன்றைக்கு எட்டு நாளைக்குத் தாங்குவது புளிசாதமா எலுமிச்சை சாதமா என்ற விவாதத்தோடு கூட்டம் கலைந்தது.

[அடிக்குறிப்பு: புளிசாதம்.]

4

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார்கள். பலராமனுக்கு, ஜோதிக்கு, கூடவே சின்னப்பொண்ணுக்கும். "ஒண்ணு கையில கீட்டுமே, ரேசன் கார்டு மாரி" என்று கிழவி அடம்பிடித்து வாங்கிய விண்ணப்பம் அது.

ஜூன் மாதம் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். டீ கொடுத்தார்கள். "எங்க போறீங்க?" என்று கேட்டார்.

"தீவுக்கு" என்றாள் சின்னப்பொண்ணு.

அந்த ஜூன் மாதத்தில், அந்தத் தாலுக்காவில், காக்கிச் சட்டைக்காரர் ஒருவரிடம் சொல்லக் கூடாத ஒரே பதில் அதுதான். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்தத் தீவு?"

"அதான் சார், கடலுக்கு நடுவுல கீதே."

"கடலுக்கு நடுவுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். இந்த வூட்டுக்கு யாரு யாரு வந்து போறாங்க?"

மூன்று நாள் வந்தார். பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் என்னையும் கேட்டார். இந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்லம்மா என்று ஒருவர் என்னிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவருடைய நோட்டுப் புத்தகம் போதவில்லை. கடைசியில் கங்கா படப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்ட, அவர் அனுமாரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுதான்" என்று கையெழுத்துப் போட்டார். மூன்று பாஸ்போர்ட்டும் வந்தன.

5

டிக்கெட் தயாரானது. பாக்கி ஒரே ஒரு காகிதம்: பலராமனின் லீவு லெட்டர்.

இங்கேதான் நீங்கள் என்னை நம்ப வேண்டும். மூன்று வருஷமாக அவன் லீவு லெட்டரே எழுதியதில்லை. அதற்கு முன்னாலும் யார் எழுதினார்கள்? அவன் கடைசியாக எழுதியது எட்டாம் வகுப்பில். அங்கே நம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு லெட்டர்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அதை அவன் பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதினான்:

"அஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..."

வகுப்பாசிரியர் இருந்த இடத்தில் மேனேஜர். ஒரு நாள் இருந்த இடத்தில் எட்டு நாள். முடிவில், கீழ்ப்படிதலுள்ள பலராமன்.

கம்பெனி ஆபீஸில் படித்துப் பார்த்தவர்கள் சட்டம் பேசுகிறவர்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் ஆளை வெளிநாடு அனுப்ப முடியாது என்று திருப்பிவிட்டார்கள். ஒன்று, டாக்டரிடம் உடம்பு சரியாகிவிட்டது என்று சான்று வாங்கி வேறு லெட்டர் கொடு. அல்லது உனக்குப் பதிலாகக் குடும்பத்தில் ஒருவர் உன் மனைவியோடு போகட்டும். இரண்டும் இல்லையென்றால் பரிசுக்குப் பதிலாக ஒரு இரும்பு பீரோ.

பலராமன் வீட்டுக்கு வந்து சொன்ன முதல் வார்த்தை: "கண்ணாடி வெச்ச பீரோவாம்."

நீங்கள் ஆரம்பத்தில் கேட்ட சண்டை மறுநாள் காலையில் நடந்தது.

6

இப்போது எனக்கு ஒரு பிரச்சினை. அந்தக் காய்ச்சல் அறியாமல் வந்ததா, வரவழைத்ததா?

ஒரு பிரதியில் அவனை அப்பாவியாக எழுதினேன்: "எந்திரத்தைத் தவிர வேறொன்றும் அறியாத அந்த மனிதன், விடுமுறை என்றால் என்னவென்று..." ச்சே. இரக்கம் எனக்குக் கைவரவில்லை.

இன்னொரு பிரதியில் திட்டம் போட்டவனாக எழுதினேன். அதற்குச் சாட்சி உண்டு. அவனோடு வேலை பார்க்கும் மாரி சொன்னது: கேன்டீனில் பலராமன், "எட்டு நாளு போனா கணக்கு ஒடஞ்சிபூடும்டா. அஞ்சு வருசத்துக்கு மெடலு தராங்க தெரியுமா?" என்று கேட்டானாம். ஆனால் மாரி அப்போது கங்காவின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான். அவளிடம் பேச ஒரு சாக்கு வேண்டுமென்று எதையும் சொல்லக்கூடிய நிலையில் இருந்தான்.

ஆக, என் கதாநாயகன் முட்டாளா கள்ளனா என்றே எனக்குத் தெரியவில்லை. இதில் ஜோதிக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம். அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

டிபன் மூடியைக் கொடுக்கப் போனேன் அல்லவா? அப்போது பார்த்தேன். அவள் கங்காவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். நின்றபடியே, சுவரில் வைத்து, தமிழில் எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள். அவனுக்காகப் படித்தாளா, எல்லோருக்குமா, தெரியாது.

"ஐயா, என் மாமனார் அப்பாவு என்பவர் தண்டலத்தில் காலமாகிவிட்டபடியால் எனக்கு எட்டு நாள் விடுப்பு தேவைப்படுகிறது. இப்படிக்கு." நிறுத்தினாள். "கையெழுத்துப் போடு."

"செத்து ரெண்டு வருசமாச்சே ஜோதி" என்றான் பலராமன். குரல் இறங்கிவிட்டது.

"லேட்டாத்தான் குடுக்கற. குடு."

மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பலராமன் பேனாவை எடுத்தான். அந்த நேரம் பார்த்து, "இன்னா பாக்கறீங்க, மூடியக் குடுங்க" என்று கங்கா என் முன்னால் வந்து நின்றாள். அவள் விலகியபோது காகிதம் மடிந்து அவன் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்தோடா, இல்லாமலா?

7

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை டாக்சி வந்து ஜோதியை விமான நிலையத்துக்கு அழைத்துப்போனது. கூட யார் ஏறினார்கள் என்பதுதான் இந்தக் கதையின் முடிவு.

அன்றைக்கு நான் ஊரில் இல்லை.

சிரிக்காதீர்கள். என் அக்கா மகளுக்குத் தண்டலத்தில் நிச்சயதார்த்தம். இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நான் காலையில் வாசலில் இல்லாத ஒரே நாள் அது. வெறும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்காக ஒரு கதையின் முடிவைத் தொலைத்தவள் நான்.

திரும்பி வந்து சேகரித்ததைத் தருகிறேன், நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். டீக்கடை ரத்தினம், ஜோதிக்குப் பக்கத்தில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு உருவம் இருந்தது என்கிறார். ஆணா பெண்ணா என்றால், "பனி" என்கிறார். ஆகஸ்டில். சின்னப்பொண்ணு அந்த எட்டு நாளும் தெருவில் இல்லை. ஒரகடத்தில் தம்பி வீட்டில் இருந்ததாகச் சொன்னார்கள். பலராமனும் தெருவில் இல்லை, ஓ.டி. பார்த்துக் கம்பெனியிலேயே தங்கியதாகச் சொன்னார்கள். அவனுடைய வருகைக் கார்டு எட்டு நாளும் நேரத்துக்குப் பஞ்ச் ஆகியிருக்கிறது. ஆனால் அந்த வாரம் மாரி, கார்டு அடிக்கிற கடிகாரத்தின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றான் என்று அவன் ஷிப்ட்டில் வேலை செய்யும் பெண் ஒருத்தி சொன்னாள். ஒரு கார்டைப் பஞ்ச் செய்ய அவ்வளவு நேரம் ஆகாது.

கிழவி போனாள் என்று முடிக்கலாம். மாமியாரும் மருமகளும் அனுமார் ஆட்டம் பார்த்துப் புளிசாதம் சாப்பிட்டார்கள், பலராமன் லைனில் நின்றான். நியாயமான முடிவு, கொஞ்சம் கசப்பு. அல்லது பலராமன் போனான், கார்டு மட்டும் வேலைக்குப் போனது. அப்படியென்றால் அவன் ஜோதிக்காக லீவு போட்டானா, போடவில்லையா? கூட இருந்தான், ஆனால் கணக்கில் லீவு இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் தூங்கவில்லை.

எட்டாம் நாள் ஜோதி தனியாகத் திரும்பி வந்தாள். மற்ற இரண்டு பேரும் மறுநாள்தான், ஆளுக்கொரு பக்கமிருந்து வந்து சேர்ந்தார்கள். எனக்கு மரத்தில் செய்த ஒரு தவளைப் பொம்மை வாங்கி வந்திருந்தாள்.

"எப்டி இருந்துச்சு?"

"நல்ல வெயிலுக்கா."

"கூட யாரு வந்தது?"

"கூட வந்தவங்கதான்."

8

தை மாதம் கங்காவுக்கும் மாரிக்கும் கல்யாணம். மாரிக்குச் சொந்த வீடு இல்லை, நிரந்தர வேலை இல்லை. இருந்தும் பலராமன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மாரி இந்தக் குடும்பத்துக்கு என்ன உதவி செய்தான் என்று எனக்குத் தெரியாது. சும்மா சொல்கிறேன்.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் மாற்றலாகி வேலூர் பக்கம் போனார். என் அக்கா மகள், நான் கதையைப் பலி கொடுத்து நிச்சயம் செய்துவைத்தவள், பெங்களூரில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். பலராமனுக்கு ஐந்து வருஷ மெடல் கிடைத்தது. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை.

பின்பக்க வயல் கைமாறியதும் சின்னப்பொண்ணு ஒரகடத்துக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டாள். ஜோதியும் பலராமனும் மறைமலை நகரில் வீடு பார்த்தார்கள். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "இப்பவாச்சும் சொல்லு. நீ கேட்டது நடந்துச்சா?"

ஜோதி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பலராமன் பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எங்கப்பா செத்தது, நாங்க அடிச்சிக்கினது, எல்லாம் உங்களுக்குத் தெரியும்கா. இது ஒண்ணு எனுக்குன்னு இருக்கட்டும்."

லாரி கிளம்பிவிட்டது. அவர்கள் இப்போது மறைமலை நகரில். விலாசம் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் போய்க் கேளுங்கள்.